நடுவில் ஆள் இல்லாத கயிறு

பிப்ரவரி 12

தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள்.

விஷயம் கோடைப் பயணம். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்களுக்கு வேலை இல்லை, பாதிச் சம்பளம். அதை நம்பித்தான் நீ, உன் அண்ணன், நான் மூன்று பேரும் ஒரு கோடை முழுக்கப் பாறை ஏறுவது என்று போன வருடம் முடிவு செய்தோம். அவர் இறந்த பிறகு அந்த முடிவு என்ன ஆயிற்று என்று நாம் பேசவில்லை. அக்டோபரிலிருந்து நாம் எதையுமே பேசவில்லை.

பயணத்துக்காகச் சேர்த்த பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. ஒன்று, போக வேண்டும். இல்லை, பிரித்துக்கொள்ள வேண்டும். பிரித்துக்கொண்டால் அதன் பிறகு உனக்கும் எனக்கும் பேசுவதற்கு வேறு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. நிலவரத்தைச் சொல்கிறேன்.

போவதானால் இடம் முடிவாக வேண்டும். பேசி வைத்தவை மூன்று. முதலாவது தீவு. கடலோரச் சுண்ணாம்புப் பாறை, கடற்கரையில் கூடாரம் போட வாடகை கிடையாது, கப்பல் கட்டணம் மட்டும் அதிகம். கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்தவை என்று கேள்வி. இலவசம் என்பதற்காகத் துருவில் தொங்க முடியாது. அடுத்தது நீ வருடக்கணக்காக ஆசைப்படும் செங்குத்துப் பாறை, பெரிய சுவர். அங்கே மலைக் குடிலில் ஓர் இரவு தங்குகிற காசில் நாம் இங்கே பத்து நாள் சாப்பிடலாம். கடைசியாக, ஏரிக்கு மேலே இருக்கும் சரிவுப் பாறைகள். நீ 'ஓய்வூதியக்காரர் பாறை' என்பாயே, அது. காலையில் விடுதியைக் கூட்டித் துடைத்தால் படுக்கை இலவசம் என்கிறார்கள்.

எப்போதும் போல், பட்டியலிலிருந்து ஓர் இடத்தைத் தள்ள ஆளுக்கு ஒரு 'வேண்டாம்'. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் கேட்கவும் கூடாது.

அண்ணி

பிப்ரவரி 23

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தொழிலாளர் குடியிருப்பில் கடிதம் வந்த முதல் ஆள் நான்தான். மேஸ்திரி கவரைத் தூக்கிப் பிடித்து, "டேய், பல்லிக்குக் காதல் கடிதம் வந்திருக்குடா!" என்று சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "எங்க அண்ணி எழுதினதுங்க" என்றேன். "அப்ப கணக்குக் கேட்டு எழுதியிருப்பாங்க" என்றார். உங்களைப் பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

பல்லி என்று அண்ணன் வைத்த பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாலத்துக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

போனை ஏன் எடுக்கவில்லை என்றால், உங்கள் குரல் கேட்டால் கத்திவிடுவேன். கடிதத்தில் கத்த எனக்கு வராது. அதனால் இதுவே நல்லது.

இடம். தீவுக்கு என் 'வேண்டாம்'. அண்ணனுடைய 'வேண்டாம்' ஒன்று சும்மாதானே கிடக்கிறது? அதை எடுத்துப் பெரிய சுவருக்குப் போட்டுவிடுகிறேன். ஆசையாவது ஒன்றாவது. ஓய்வூதியக்காரர் பாறையில் மூன்று மாதம் இருந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்.

நான் வேறொரு இடம் சொல்கிறேன். பாறாங்கல் வெளி. ஆள் உயரம், இரண்டாள் உயரக் கற்கள் மைல் கணக்கில் கிடக்கின்றன. கீழே மெத்தையைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டியதுதான். விழுந்தால் மெத்தையில் விழலாம். பஸ் போகிற ஊர், அறை வாடகை மலிவு, பெரிய செலவே இல்லை. உங்கள் கணக்குக்கு ஒத்துவரும்.

பல்லி

மார்ச் 4

தம்பிக்கு,

இறந்தவரின் 'வேண்டாம்' உன் கைக்கு எப்படி வந்தது? அவருடைய மேல்சட்டை முதல் சைக்கிள் பூட்டு வரை எல்லாவற்றுக்கும் நான் வாரிசு என்று அலுவலகம் அலுவலகமாகப் போய் நிரூபித்திருக்கிறேன். இதற்கும் நான்தான் வாரிசு. அதைப் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் நீ எடுத்துக்கொள்ளவும் கூடாது. பெரிய சுவர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

பாறாங்கல் வெளியைப் பற்றி விசாரித்தேன். நீ சொன்னது சரி, மலிவுதான். நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே கயிறு தேவையில்லை.

உனக்குக் கற்களில் ஏறுவது பிடிக்காது. "உயரமே இல்லாம என்ன ஏறுறது, நாற்காலி மேல ஏறி பல்ப் மாத்துற மாதிரி இருக்கு" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதைப் போய் இப்போது ஏன் கேட்கிறாய் என்று கூடத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். பதினைந்து வருடமாகச் சேர்ந்து ஏறுகிறோம். நீ முன்னால், அவர் நடுவில், நான் கடைசி. உன் கயிற்றை அவர் பிடிப்பார். என் கயிற்றையும் அவரே பிடிப்பார். நீயும் நானும் ஒரு கயிற்றின் இரண்டு முனையில் ஒரு தடவைகூட இருந்ததில்லை. இது வரை எனக்கு அது தோன்றியதே இல்லை.

என் கையில் இருக்கும் கயிற்றில் தொங்க உனக்கு இஷ்டமில்லை என்றால் அதை எழுது. மெத்தையைப் பற்றி எழுதாதே.

அண்ணி

மார்ச் 13

அண்ணி,

சரி, எழுதுகிறேன். இஷ்டமில்லை.

நீங்கள் கயிற்றை விட்ட ஆள்.

நான் அன்றைக்கு அண்ணனைப் பார்க்கப் பாலத்திலிருந்து இறங்கிக் குளிக்காமல்கூட வண்டி ஏறினேன். கையெல்லாம் பெயிண்ட். இரண்டு பஸ் மாறினேன், இரவு முழுக்க நின்றுகொண்டே வந்தேன். காலையில் ஆஸ்பத்திரியில் அந்த வார்டுக்குள் ஓடி வந்தால் கட்டிலில் புது விரிப்பு போட்டு ஓரத்தையெல்லாம் மடித்துச் செருகியிருந்தார்கள். அங்கே இருந்த பெண்ணிடம், "எங்க அண்ணன் எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, "பெயிண்டருங்களா? வேலை அடுத்த மாடியில" என்றாள். சிரியுங்கள்.

நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றீர்கள்.

ஒரே ஒரு இரவு. அண்ணனுக்கு மூச்சு கொடுத்த இயந்திரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது? நான் வந்து கையைத் தொட்டிருந்தால் சூடாக இருந்திருக்கும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மேலே ஒருத்தன் தொங்கிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு களைப்பானாலும் கீழே இருப்பவன் கையை எடுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். நீங்களும் அதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்தானே?

ஏன் காத்திருக்கவில்லை?

மார்ச் 20

தம்பிக்கு,

இதற்கு என் 'வேண்டாம்'.

அண்ணி

மார்ச் 27

அண்ணிக்கு,

'வேண்டாம்' இடங்களுக்குத்தான். இதற்குச் செல்லாது.

பணத்தைப் பிரித்துவிடலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதுங்கள், வந்து போட்டுவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 6

தம்பிக்கு,

செல்லாது என்று நீ எழுதியது சரி. ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் இல்லை.

அவரை மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள் மதியம் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். மூளையில் எதுவும் மிச்சமில்லை என்று இருவரும் சொன்னார்கள். பரிசோதனை என்பது என் தொழில். என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் விளக்கினார்கள். தவறு கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. "தம்பி வந்துகொண்டிருக்கிறான்" என்றேன். "காலை வரைக்கும் மெஷின்ல வெச்சிருக்கலாம்மா. வெச்சாலும் ஒண்ணும் மாறாது" என்றார் மூத்த மருத்துவர். ஆகவே, காத்திருக்க முடியாமல் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒரு நர்ஸ் வந்து அவர் முகத்தைத் துடைத்தாள். நல்ல பெண்தான். ஆனால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் துடைத்து, மறுபக்கம் திருப்பித் துடைத்து, திரும்ப நேராக வைத்தாள். நாங்கள் கூடத்தில் தண்ணீர் மாதிரிப் பாட்டில்களை அலமாரியில் லேபிள் முன்னால் தெரியும்படி திருப்பி வைப்போம். அதே மாதிரி. அவள் போனதும் வெளியே வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சம்மதம் கேட்கும் அந்தக் காகிதத்தைக் கேட்டேன்.

அவரை அப்படி இன்னோர் இரவு வைத்திருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். நீ வந்தால் அந்தக் காகிதத்தை உன்னிடமும் நீட்டுவார்கள், நீ அதைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டையும் நான் முழுதாக நம்பவில்லை. என்னை நல்லவளாகக் காட்டும் காரணங்கள் எல்லாம் பின்னால்தான் தோன்றின. அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று தேடிப் பார்த்தால் எதுவும் இல்லை. என் பேனா எழுதவில்லை. அந்த நர்ஸே தன் பேனாவைக் கொடுத்தாள். அது மட்டும்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து அப்படியே இருக்கிறேன். அழவில்லை. தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். கூடத்தில் எல்லாரும், "எவ்வளவு தைரியமா இருக்கீங்க" என்கிறார்கள். தைரியம் இல்லை இது. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போட்டால் உதடு இருக்கும் இடமே தெரியாதல்லவா, அந்த மாதிரி. நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோதும் வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய கடிதம் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுபடியும் அந்த மாலை வந்தால் கையெழுத்துப் போடுவேன். உனக்காகக் காத்திருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

பணத்தைப் பிரிக்க இருவரும் வங்கிக்குப் போக வேண்டும். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உனக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. அன்று வா. ஏறும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு வா. ஊர்க்கோடிப் பழைய கல்குவாரியில் பாறையில் போல்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். நான் கயிற்றைப் பிடிக்கிறேன், நீ வேண்டுமென்றே ஒரு தடவை விழு. நான் கையை எடுக்கிறேனா என்று பார். பிறகு வங்கிக்குப் போகலாம்.

அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

முதலில் முழங்கை எப்படி இருக்கிறது? கட்டை அவிழ்த்துக் காற்றுப் படும்படி விடுங்கள். பாலத்தில் எங்களுக்கு தினமும் இந்தச் சிராய்ப்புதான்.

வண்டி முக்கால்வாசித் தூரம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கி திறந்திருக்கும்? இறங்கியதும் கேட்டேன். "ஆமா, ஞாயிற்றுக்கிழமை" என்றீர்கள், ஏதோ நான் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு துளி அழுக்கைக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று திரும்பி வரும்போது முழுக்க யோசித்தேன். நான் கேட்கப் போவதில்லை.

விழுந்ததைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் தினமும் கயிற்றில்தான் தொங்குகிறேன், ஆனால் அங்கே விழுவது கிடையாது. மூன்றாவது போல்ட்டுக்கு மேலே போய் நின்று கீழே பார்த்தேன். நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பாறையிலிருந்து ஒரு கையை எடுத்தேன். "விடப் போறேன் அண்ணி" என்றேன். "விடு" என்றீர்கள்.

நான் எவ்வளவு எடை, நீங்கள் எவ்வளவு எடை? அதை இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை பாருங்கள். இத்தனை வருடம் என்னைப் பிடித்தது அண்ணன். அவர் மூட்டை மாதிரி நகராமல் நிற்பார். நான் கீழே வர வர நீங்கள் மேலே வந்துகொண்டிருந்தீர்கள். பாறையில் முழங்கை உரசுகிறது, ஹெல்மெட் இடிக்கிறது, நான் "கை! கை!" என்று கத்துகிறேன். நின்றபோது இரண்டு பேரும் ஒரே உயரத்தில், ஒரு முழ இடைவெளியில், எதிரெதிரே தொங்குகிறோம்.

"என்ன அண்ணி, நீங்களும் மேல வந்துட்டீங்க" என்றேன். பயத்தில் வந்த பேச்சு அது.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் வலது கையைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் வெள்ளையாக இருந்தது. "இறக்கிடுங்க" என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கை திறக்கவே இல்லை. கீழே வந்த பிறகும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றீர்கள், நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எதுவும் பேசாமல் வண்டி ஏறியதற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டிலின் விரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் நீங்கள் கயிற்றை விட்ட ஆள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது இடம். நான் முன்னால் ஏறி நீங்கள் பிடித்தால், நான் விழும்போதெல்லாம் நீங்கள் பட்டம் மாதிரிப் பறப்பீர்கள். ஒரு கோடை முழுக்க அப்படிப் பறந்தால் உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டுதான் திரும்பி வருவீர்கள். அதனால் மாற்றிப் போடலாம். எடை குறைந்தவர் முன்னால், கனத்தவன் கீழே. நீங்கள் முதலில் ஏறுங்கள், நான் பிடிக்கிறேன். மேலே போய்ப் பாறையில் உங்களைக் கட்டிக்கொண்டு பிறகு என்னைப் பிடியுங்கள். கட்டிக்கொண்டால் எடை ஒரு பிரச்சினை இல்லை.

நீங்கள் இது வரை முன்னால் ஏறியதே இல்லை என்று தெரியும். அதனால் உங்களால் முன்னால் ஏறக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பெரிய சுவர் முடியாது. தீவை நானே தள்ளிவிட்டேன். கற்களில் ஏற எனக்கு எப்போதுமே பிடிக்காது, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏரிக்கு மேலே இருக்கிற ஓய்வூதியக்காரர் பாறைதான் சரி. நீளமான சரிவு, கால் வைக்க இடம், புது போல்ட். காலையில் விடுதியைக் கூட்டுவது நான், துடைப்பது நீங்கள். எனக்குத் தூக்கம் வரும் என்று எழுதினேன். வராது. கீழே நிற்கிறவனுக்குத் தூங்க ஏது நேரம்?

யோசித்து எழுதுங்கள். உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வைத்திருப்பவன் கையில் உங்கள் கயிறு இருக்கும். வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

பல்லி

மே 3

தம்பிக்கு,

முழங்கை ஆறிவிட்டது. தோள்பட்டையில்தான் இன்னும் பிடிப்பு.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துப் படித்தேன். ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது: எனக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று நீ உன் கோடையைத் தியாகம் செய்கிறாயோ என்று. அப்படியானால் இடையில் அலுத்துப்போவாய், பிறகு அது இன்னொரு மனக்கசப்பாகும். எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதைத் தவிர வேறு வழியில்லை. எனவே அது தியாகம் இல்லை, கணக்கு. அதனால் ஒப்புக்கொள்கிறேன்.

விடுதிக்கு எழுதினேன். பொறுப்பாளர் அம்மாள் போனில் கூப்பிட்டு, "ரெண்டு பேருதானா? கணவன் மனைவியா?" என்று கேட்டார். "இல்லீங்க, கொழுந்தன்" என்றேன். "வேலை செய்வாரா?" என்றார். "தொங்கச் சொன்னா தொங்குவான், கூட்டுவானான்னு பாக்கணும்" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். நான் பேசி ஒருவர் சிரித்தது எத்தனையோ நாளைக்குப் பிறகு. எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

ஜூன் முதல் வாரம் ரயில். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், சாதாரண வகுப்பு. சந்திப்பு நிலையத்தில் நீ ஏறிக்கொள்.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். கொஞ்சம் வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கோபம் இருக்கிற ஆள் கீழே விழித்துக்கொண்டு நிற்பான் என்றுதான் படுகிறது. அன்று குவாரியில் என் விரல்களை நீ எடுத்துவிட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பயத்தினாலா, தசைப் பிடிப்பினாலா என்று தெரியவில்லை. நீண்ட நேரம் நடுங்கியது. நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு யாருடைய கையோ என்பது போல. பிறகு என்னுடையதுதான் என்று தெரிந்தது.

நான் முன்னால் ஏறியதில்லை. முன்னால் ஏறுகிறவர்களுக்குக் கீழே உள்ள போல்ட்டைத் தாண்டியதும் பயம் வரும் என்பார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு அது வரவில்லை. பாறையில் ஒருவேளை வரலாம்.

வந்தால் மேலிருந்து கத்துவேன். உடனே இறக்கிவிடாதே. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிரு.

அண்ணி